இரண்டாவது கோடு

திரையில் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன.

சுத்தமான ஆட்டுக்கறி என்றால் ஒரே கோடுதான் விழும். இரண்டு விழுந்தால், ஆட்டோடு வேறு ஏதோ ஒரு விலங்கும் கலந்திருக்கிறது.

ஓட்டல்களிலிருந்து வரும் கறி எந்த விலங்கினுடையது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் பரிசோதனைக்கூடத்தில் ஒன்பது வருடமாக என் வேலை. வீட்டில் என்னைத் துப்பறியும் புலி என்று கேலி செய்வார்கள்.

ஓட்டல்கார அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் போடுவது கலப்படக் கறி என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். நான் ஆமாம் என்று எழுதினால் மாலைக்குள் ஓட்டலுக்குச் சீல் வைத்துவிடுவார்கள்.

போன மாதம் கறிக்கடையை ஏன் மாற்றினீர்கள் என்று காலையில் அவரிடம் கேட்டிருந்தேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? பழைய கடைக்காரரும் பிள்ளைகுட்டிக்காரரு. பொழச்சுப் போகட்டும்."

மடியில் கனமில்லாதவர் ஏன் மழுப்ப வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது எண்ணைப் பார்த்தேன். ஓட்டல் கறி மூன்றாம் எண். இரண்டு கோடுகளும் நான்காம் எண்ணில் இருந்தன.

நான்காவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நானே கொண்டுவந்து வைக்கும் கறி. சுத்தமானது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கறி. அது இல்லாமல் எந்தச் சோதனையும் செல்லாது.

எண் சீட்டை மாற்றி ஒட்டித் தொலைத்துவிட்டேன். வேறென்ன இருக்க முடியும்?

என்னையே திட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம் ஆனது. அந்த அம்மா சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை.

இந்த முறையும் மூன்றில் ஒரு கோடு. நான்கில் இரண்டு.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த துண்டை முகர்ந்து பார்த்தேன். அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அப்போது கைபேசி அடித்தது. கறிக்கடை வைத்திருக்கும் என் அண்ணன்.

"என்ன பாப்பா, அந்த அம்மா ஓட்டலுக்குப் பூட்டுப் போட்டாச்சா? நாளைக்கு வா, உன் சோதனைக்கு நல்ல துண்டா எடுத்து வச்சிருக்கேன்."

எந்த ஓட்டலைச் சோதிக்கிறேன் என்று நான் வீட்டில் மூச்சுவிட்டதே இல்லை.

போன மாதம் பெரிய வாடிக்கை ஒன்று கைவிட்டுப் போனதாக அவன் புலம்பியது நினைவுக்கு வந்தது. கைபேசியை வைத்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் எண்ணுக்கு எதிரே 'சுத்தம்' என்று எழுதினேன்.

நான்காம் எண்ணுக்கு எதிரே, கறி எங்கே வாங்கியது என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்பது வருடமாக அதில் 'நம்பகமான கடை' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன்.

இன்றைக்கு அண்ணன் பெயரை எழுதினேன்.