நடுவில் ஒருவர்

“இவன் கம்பெனி வெளங்குமா? இவன் கட்டற சுவரு இடிஞ்சு விழ!”

மண்ணை வாரித் தூற்றினாள் கங்கம்மா. தேர்வாய் கண்டிகையில், பாதி எழும்பிய காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் அவளுக்குப் பின்னே ஊரே திரண்டு நின்றது.

“என்ன சொல்கிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஹான். கொரியாக்காரர். கார் கதவுக்கு ரப்பர் செய்யும் தொழிற்சாலையைச் சொந்தமாக ஆரம்பிக்க வந்திருப்பவர்.

“தொழிற்சாலை நன்றாக வளர வேண்டும் என்று வாழ்த்துகிறார், சார்,” என்று ஆங்கிலத்திலேயே சொன்னார் யதிராஜன்.

“மண்ணை எதற்கு வீசுகிறார்?”

“அது... இந்த ஊர் வழக்கம், சார்.”

யதிராஜனுக்கு வேறு வழி தெரியவில்லை. அம்பத்தூரில் பார்த்த வேலை போய், திருவள்ளூர் வீட்டில் இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு, ஐம்பத்தாறு வயதில் கிடைத்த வேலை இது. மொழிபெயர்க்க மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். தகராறு என்று காதில் விழுந்து, கொரியாக்காரர் மூட்டை கட்டிவிட்டால்?

கங்கம்மா விடவில்லை.

“எங்க சுடுகாட்டுப் பாதைய மறிச்சு சுவரு எழுப்பறானே, நாளைக்கு நான் செத்தா என்னை எந்த வழியா தூக்கினு போவாங்க? கேளு சார், அந்தாள!”

“உயிர் இருக்கும்வரை உங்களை மறக்க மாட்டாராம், சார்.”

ஹான் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏதாவது குறை இருந்தால் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள்.”

யதிராஜன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “போலீசுக்குச் சொல்லப் போறாராம். நல்லபடியா கலைஞ்சு போயிடுங்கோ.”

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது.

அந்த வாரமே சுவரை இடித்து, பாதையை விட்டு உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டார் ஹான். பிளானில் ஏதோ மாற்றமாம். யதிராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன? வீட்டில் மனைவி பூமாவிடம் பெருமையடித்துக்கொண்டார்.

“ரெண்டு பக்கமும் நான் பக்குவமா பேசலேன்னா அடிதடி ஆகியிருக்கும். அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றதுதான் அவருக்கு வேதம்.”

திறப்பு விழாவில் ஹான் ஆங்கிலத்தில் நாலே வரி பேசினார். அதை யதிராஜன் பத்து நிமிஷம் மொழிபெயர்த்தார். ஒரே கைதட்டல்.

அந்த மிதப்பிலேயே கேன்டீனுக்குக் காபி குடிக்கப் போனவர், ஜன்னலுக்கு வெளியே கங்கம்மாவின் குரல் கேட்டு நின்றார்.

“சண்ட போட்ட மறுநாளே ஊட்டாண்ட வந்து, ‘பாதையை விட்டுடறேன்மா’ன்னு தமிழ்ல சொன்ன பாரு, எனக்கு மயக்கமே வந்துடுச்சு சார். எங்க கத்துக்கின?”

“ஸ்ரீபெரும்புதூர்ல ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன்மா. கூட இருந்தவங்க எல்லாரும் தமிழ்தான்.”

ஹானின் குரல்!

யதிராஜன் ஜன்னலோரமாக ஒதுங்கிக்கொண்டார். இத்தனை நாள் சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக வந்து கண்முன் நின்றன.

“நான் திட்னத வாழ்த்துறேன்னு சொன்னாராமே! நீ சொல்லாத போலீச நீ சொன்னேன்னாரு. அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பாம அந்தாள எதுக்கு சார் வச்சுக்கினு கீற?”

“கூட்டத்துல தமிழ் பேச எனக்குக் கூச்சம்மா, அதான் அவரை வச்சேன். பொய்யைக் கேட்டதும் அனுப்பணும்னுதான் நினைச்சேன். அப்புறம் விசாரிச்சேன். ரெண்டு வருஷம் வேலை இல்லாம இருந்தாராம். பயத்துல சொல்றார்மா. எங்க ஊர்ல முதலாளிக்குப் பயந்து நானும் எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன்.”

“அதுக்காக? வாயத் தொறந்து தமிழ்ல ஒரு வார்த்த சொல்லி, அவர நிறுத்தறதுக்கு இன்னா?”

ஹான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்குத் தமிழ் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. மானமுள்ள மனுஷர். தெரிஞ்சா நாளைக்கே வேலையை விட்டுட்டுப் போயிடுவார்.”