அண்ணன் கொட்டிய குப்பை

"என்னங்க, இன்னிக்கும் கொட்டிட்டுப் போயிருக்காரு உங்க அண்ணன்!"

மனைவி போட்ட சத்தத்தில், பல் துலக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு வயலுக்கு ஓடினான் அவன். வரப்போரம் முட்டைக்கோஸ் இலை, அழுகின தக்காளி, பூசணித் தோல் என்று ஒரு வண்டிக் குப்பை. எல்லாம் டவுனில் அண்ணன் வைத்திருக்கும் காய்கறிக் கடைக் கழிவு.

"மனுஷனா இவரு? குப்பை கொட்ட சொந்தத் தம்பி நிலம்தான் கிடைச்சுதா?" என்று பொரிந்தாள் மனைவி.

விஷயம் இதுதான். இனிமேல் ரசாயன உரம் போடமாட்டேன், இயற்கை விவசாயம்தான் என்று தம்பி கிளம்பினான். "உனக்கென்ன பைத்தியமா? நிலத்தை வித்துட்டு வந்து என் கடையில நில்லு" என்றார் அண்ணன். பேச்சு முற்றியது. "இனிமே உங்க கையால ஒரு கீரைத்தண்டுகூட வாங்க மாட்டேன். இது சத்தியம்!" என்று சொல்லிவிட்டு வந்தான் தம்பி. அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. உரத்துக்குத்தான் பஞ்சம். ஆசை ஆசையாக மக்கு உரத்துக்குக் குழி வெட்டினான். இருந்த ஒரே மாடும் நோயில் போய்விட்டது. சாணத்துக்கு வழியில்லாமல் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இந்தப் போகமும் கைவிட்டால் நிலத்தை விற்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணனின் வண்டி விடியற்காலையில் வந்து, சரியாகக் குழிக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போக ஆரம்பித்தது.

"காலிக் குழியைப் பார்த்துக் கிண்டல் பண்றாரு" என்று குமுறினான் அவன்.

மனைவி கெட்டிக்காரி. திட்டிக்கொண்டே அத்தனையையும் குழியில் தள்ளி, சருகும் மண்ணும் போட்டு மூடிவிடுவாள். "திட்டறது வாய்தானே? கை ஏன் சும்மா இருக்கணும்?" என்பாள்.

எல்லாம் மக்கி உரமானது. வயலில் இப்போது கத்தரிச்செடி இடுப்பளவு நிற்கிறது, கிளைக்குக் கிளை காய்.

இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று சைக்கிளை எடுத்தான்.

கடையில் அண்ணன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணி எங்கே?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டுவிட்டு, விறுவிறுவென்று கடைக்குப் பின்பக்கம் போனான்.

கழிவுக் குவியலுக்கு நடுவில் பலகை போட்டு உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள் அண்ணி. பக்கத்து வாளியில் ரப்பர் பேண்டு, பிளாஸ்டிக் கவர், நைலான் கயிறு.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"வாங்க தம்பி. இதெல்லாம் நாளைக்கு உங்க வயலுக்குப் போறது. ஒரு கவர் கலந்து போனாக்கூட மண்ணு வீணாயிடும்னு உங்க அண்ணன் என் உயிரை எடுக்கறாரு. நம்ம கடைக் கழிவு பத்தலைன்னு பக்கத்துக் கடைகள்லயும் கேட்டு வாங்கிட்டு வந்துடறாரு."

கொண்டுவந்த கோபம் போன இடம் தெரியவில்லை. கடையின் முன்பக்கம் வந்தான்.

"அண்ணே... விவசாயமே வேணாம்னு சொன்னவர்தானே நீங்க?"

அண்ணன் தராசை விட்டு நிமிரவில்லை.

"வேணாம்னுதான் சொன்னேன். நீ தோத்துப் போகணும்னு சொன்னேனா?"

"அப்ப இதை என்கிட்டயே குடுத்திருக்கலாமே! இப்படிக் கொட்டிட்டுப் போய், தினமும் எங்ககிட்ட திட்டு வாங்கி..."

"எப்படிடா குடுக்கறது? என் கையால கீரைத்தண்டுகூட வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனவனாச்சே நீ!"

துடைத்த தராசையே மறுபடியும் துடைத்தார் அண்ணன்.

"உன் சத்தியமும் கெடக்கூடாது, உன் நிலமும் கெடக்கூடாது. அதான் கொட்டினேன்."