படம் 1

கழிவுநீர் நிலையத்தின் ஆண்டறிக்கைக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவளின் தோளருகே நிர்வாகி வந்து நின்றார்.

“என் போட்டோவுக்குக் கீழ ‘படம் 7’னு போட்டிருக்க. நான் என்ன ஏழாவது ஆளா?”

“அது கம்ப்யூட்டர் வரிசையா தானாப் போடுற நம்பர் சார்.”

“மாத்தும்மா. நான்தான் ஒண்ணு. கொட்டை எழுத்துல போடு.”

“ஒண்ணாம் படம் ஏற்கெனவே இருக்கே சார்?”

“அதைத் தூக்கு.”

தூக்கிவிட்டு, அந்த இடத்தில் அவரை வைத்தாள். “உள்ள எழுதியிருக்கிறதையும் ஒரு தடவை படிச்சுட்டீங்கன்னா...”

“அதையெல்லாம் எவன் படிப்பான்?” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அச்சாகி வந்த அன்று அலுவலகமே வாயைப் பொத்திக்கொண்டு படித்தது. மூன்றாம் பக்கத்தில், கொட்டை எழுத்து ‘படம் 1’க்கு மேலே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, பொறியாளர் எழுதிய வரி அப்படியே இருந்தது:

“ஊர் முழுக்க நாறுவதற்குக் காரணமான அடைப்பைப் படம் 1-இல் காணலாம்.”