தாராளமா மாறிக்கோ

"அப்பா, இன்ஜினியரிங் எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது. ஓவியக் கல்லூரிக்கு மாறிக்கட்டுமா?"

ஒரு வருஷமாக இந்தப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்த அப்பா, இன்று தலையாட்டினார்.

"தாராளமா மாறிக்கோடா. நாளைக்கே போய்ச் சேர்ந்துடலாம்."

மகனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டான். நண்பனிடம் சொல்ல வெளியே ஓடினான்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "படம் வரைஞ்சா வயிறு நிறையுமான்னு கேட்ட மனுஷனா இது? என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

அப்பா நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"நேத்து அவனுக்குக் கண்ணாடி மாத்தப் போனோம்ல? டாக்டர் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டார். கொஞ்சம் கொஞ்சமா பார்வை மொத்தமும் போயிடுமாம். வைத்தியமே இல்லையாம். அவனுக்கு இன்னும் தெரியாது. கண்ணு தெரியுற வரைக்கும் ஆசை தீர வரையட்டும்டி."