தண்ணி கேட்டேன், அங்கிள்

"இந்த ஜுஹைர் ஆளு சரியில்லம்மா," என்றார் சபாபதி, ஷாமினியின் காதருகே குனிந்து.

"ஏன் அங்கிள்? இப்பதானே வேட்டையே ஆரம்பிச்சிருக்கு." அவள் குறிப்புச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் புதையல் வேட்டை அது. இந்த வருஷம் கிள்ளான் பழைய டவுன். ஒரே புளோக் கட்டடத்தில் குடியிருக்கும் மூன்று பேர் ஒரு குழு. சீட்டில் உள்ள புதிரை அவிழ்த்து, அது சொல்லும் பழைய கட்டடத்தைத் தேடிப்பிடித்து, முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும். முதலில் முடிக்கிற குழுவுக்குக் கோப்பை. கடைக்காரர்களிடம் மட்டும் விடை கேட்கக் கூடாது. கேட்டால் குழுவையே நீக்கிவிடுவார்கள்.

சபாபதி முப்பது வருஷம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாமல் கழிவறையில் ஒளிந்தவனைக் கதவைத் தட்டாமலே கண்டுபிடிப்பாராம். அவரே சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் குழுவில், குடிவந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருத்தனைக் கொண்டுவந்து போட்டால் மனுஷன் சும்மா இருப்பாரா?

காலையில் பஸ்ஸிலேயே சந்தேகம் தொடங்கிவிட்டது. பேப்பர் வாங்கணும் என்று பெட்ரோல் ஸ்டேஷனில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார் சபாபதி. கையை வீசிக்கொண்டு திரும்பி ஏறியபோது, எல்லோரும் கைப்பேசியில் மூழ்கிக் கிடக்க, ஜுஹைர் மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்தான். முழியே சரியில்லை என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார்.

முதல் புதிர், 'பிறந்த வருஷத்தை நெற்றியில் எழுதி வைத்திருப்பவன் யார்?'

ஷாமினி தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே ஜுஹைர் விறுவிறுவென்று ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தான். கடைக்காரரிடம் குசுகுசுவென்று ஏதோ சொன்னான். அவர் சபாபதியை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"கடைக்குள்ள என்ன தம்பி பேச்சு?"

"தண்ணி கேட்டேன், அங்கிள்."

தண்ணி கேட்டவன் கையில் தண்ணி இல்லை. பரிசோதகர் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா?

அடுத்த நிமிஷமே அவன் அண்ணாந்து பார்த்தான். "அதோ, அந்தக் கடைவீட்டு உச்சியில பாருங்க. 1926ன்னு போட்டிருக்கு. அதுதான் நெத்தி."

ஷாமினி துள்ளிக் குதித்துப் படம் எடுத்தாள். மளிகைக் கடைக்காரர் வெளியே வந்தார். "ஐயா, வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள போய் முகம் கழுவிட்டு வாங்களேன்."

நம்மைப் பார்த்தாலே ஒரு மரியாதை வருகிறது என்று சபாபதிக்குப் பெருமை. வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவகாசமாகவே போய்விட்டு வந்தார்.

இரண்டாவது இடத்தில் ஜவுளிக் கடை. மூன்றாவதில் சாப்பாட்டுக் கடை. அங்கேயும் அதே குசுகுசு, அதே தலையாட்டல், அதே "தண்ணி கேட்டேன், அங்கிள்." வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் விடை சொன்னான். அந்தக் கடைக்காரர்களும் சபாபதியை முகம் கழுவக் கூப்பிட்டார்கள். கிள்ளான்காரர்கள் தங்கமானவர்கள், இவன்தான் அவர்களைக் கெடுக்கிறான் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"பார்த்தியாம்மா? கடைக்காரன்கிட்ட கேட்டுக்கிட்டு வந்து நம்மகிட்ட படம் காட்டுறான்."

"அவர் படிச்சிட்டு வந்திருப்பார், விடுங்க லா, அங்கிள். மூணு வருஷமா நம்ம புளோக்குதான் கடைசி. இன்னைக்காச்சும் ஜெயிப்போம்."

"டிக்கெட் இல்லாம ஊர் போய்ச் சேர்றதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

கடைசியில் அவர்கள்தான் முதலில் முடித்தார்கள். பஸ் பக்கத்தில் அறுபது பேர் கூடி நிற்க, சங்கத் தலைவர் நாகையா கோப்பையைத் தூக்கினார். சபாபதி கையைத் தூக்கினார்.

"தலைவரே, எங்க குழுவுக்குக் கோப்பை வேணாம். இந்தத் தம்பி மூணு கடையில விடை கேட்டிருக்காரு. கண்ணால பார்த்தேன்."

நாகையா ஜுஹைரைப் பார்த்தார். "கடைக்காரங்ககிட்ட பேசினியா தம்பி?"

"பேசினேன் அண்ணே. விடை கேக்கல."

"அப்ப வேற என்னதான் கேட்ட?"

ஜுஹைர் ஒரு கணம் சபாபதியைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"புதுசா வந்தவன், புத்தியக் காட்டிட்டான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது.

"அத சொல்ல முடியாது அண்ணே. எங்க குழுவை நீக்கிடுங்க."

கோப்பை கை மாறியது. ஷாமினி ஜுஹைரை முறைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சபாபதியின் முதுகில் ஆளாளுக்குத் தட்டினார்கள். "சொந்தக் குழுன்னுகூடப் பார்க்கல பாருங்க, மனுஷன்னா இவர்தான்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார் சபாபதி. வாசலில் ஜுஹைர் தனியாக நின்றிருந்தான். ஒருத்தரும் அவனோடு பேசவில்லை. அவரைக் கண்டதும் பக்கத்தில் வந்தான்.

மன்னிப்புக் கேட்கப் போகிறான். கேட்கட்டும், இரண்டு வார்த்தை புத்தி சொல்லி விட்டுவிடலாம் என்று நின்றார்.

ஜுஹைர் யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"அங்கிள், ஹைவேயில டிராபிக் ஜேமாம், வீடு போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும்னு டிரைவர் சொல்றாரு. எதிர்ல இருக்கிற பாத்திரக் கடைக்குப் போயிட்டு வந்துடுங்க. அந்த மூணு கடையில கேட்ட மாதிரியே அங்கயும் உங்களுக்காக டொய்லெட் கேட்டு வச்சிருக்கேன். யாராச்சும் கேட்டா, பேப்பர் வாங்கப் போயிருக்கீங்கன்னு சொல்லிக்கிறேன்."