கல்லறை மாற்றம்

"தோண்டுங்கப்பா. உள்ள மனுஷன் இருந்தா என் மீசையை எடுத்துடறேன்" என்றான் முட்டிசோ.

ஷிவாச்சி மண்வெட்டியைப் பிடித்தபடி வீட்டுக்காரி இமாலியைப் பார்த்தான். அவன் உள்ளூர்க்காரன், கம்பெனியில் கூலி.

"தோண்டு ஷிவாச்சி. அதைத்தானே நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

தங்கச் சுரங்கத்தைப் பெரிதாக்குவதற்காகக் கம்பெனி ஊரைக் காலி செய்துகொண்டிருந்தது. வீட்டு முற்றங்களில் இருந்த கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் புதுச் சவப்பெட்டி, சடங்குக்கு ஒரு காளை. சொன்ன மறுநாளே ஊரில் புதுக் கல்லறைகள் முளைத்தன. ஒன்றில் நாய் எலும்பு. இன்னொன்றில் வெறும் கருங்கல். அந்தக் கல்லை நினைத்தால் நைரோபியிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி முட்டிசோவுக்கு இன்னும் வயிறு எரிந்தது.

"ஒரு காளைக்காகப் புருஷன் பேரை விக்கறீங்களே, கூசலையாம்மா?"

"நான் ஏன் கூசணும்? கூச வேண்டியவங்க வேற."

"எப்போ செத்தார்?"

"போன வருஷம். மக்காச்சோளம் விதைக்கிற நேரம்."

"எப்படி?"

"உங்க ஆபீஸ்ல கேளுங்க."

"நான் வந்தே நாலு மாசம்தான் ஆகுது. ஊர்ல யார் எப்படிச் செத்தாங்கன்னு ஆபீஸ்ல எழுதியா வச்சிருப்பாங்க?"

"எழுதி வச்சிருந்தா நான் ஏன் உங்ககிட்ட மல்லுக்கு நிக்கிறேன்?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உள்ள ஆள் இல்லேன்னா போலீஸ்தான், சொல்லிட்டேன். புல்டோசரை விட்டு நிரவிட்டுப் போயிடுவேன்."

"உங்ககிட்ட புல்டோசர் இருக்குன்னு தெரியும் சார். வேணுங்கறப்பதான் அது வரல."

முட்டிசோவுக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ளும் பொறுமையும் இல்லை. "ம், தோண்டு" என்றான்.

இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி மெத்தென்று எதிலோ இறங்கியது. ஷிவாச்சி தொப்பியைக் கழற்றினான்.

எட்டிப் பார்த்த முட்டிசோ வாய்விட்டுச் சிரித்தான். "நாய் எலும்பே தேவலை போலிருக்கே! வாழைத்தண்டுக்குக் கோட்டு மாட்டிப் படுக்க வச்சிருக்கீங்க!"

வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவன் மறுபடி குனிந்து பார்த்தான். தண்டு நார்நாராக மக்கிப்போயிருந்தது. கோட்டின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. காளை தருவதாகக் கம்பெனி சொல்லி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"என்ன ஷிவாச்சி இது?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"உடம்பு கிடைக்கலைன்னா எங்க பக்கம் வாழைத்தண்டைத்தான் சார் அடக்கம் பண்ணுவோம்."

"கிடைக்கலையா? அப்போ ஆள் எங்கே?"

இமாலி வேலிக்கு அப்பால் கையை நீட்டினாள். கம்பெனியின் இரண்டாம் சுரங்கம். சிமென்ட் பூசி மூடிய அதன் வாய் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது.

"மண் சரிஞ்ச மறுநாளே அதை மூடிட்டு, அவர் வேலையை விட்டு ஓடிட்டார்னு எழுதிட்டீங்க. இங்க குழி தயாரா இருக்கு சார், போய் ஆளைக் கொண்டாங்க."