வேலை செய்யாத மாத்திரை

“ஒரு கிலோகூடக் குறைக்கக் கூடாது. அந்த மாதிரி மாத்திரை ஏதாவது இருக்கா டாக்டர்?”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் கடைத்தெருவில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவிகள்.

“எடை குறைக்கிற கிளினிக்ல வந்து கேக்கிற கேள்வியா இது?”

“என் வீட்டுக்காரிக்கு டாக்டர். இளைக்கணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. மத்த ரெண்டு கிளினிக்கும் போய்ப் பார்த்துட்டேன். ஒண்ணுல ஊசி போடறாங்க. இன்னொண்ணுல பெல்ட்டைக் கட்டி ஆட்டறாங்க. ரெண்டுலயும் நல்லா இளைக்கிறாங்களாம். அதான் வேணாம்னு வந்துட்டேன்.”

“இங்க எப்படின்னு சொன்னாங்க?”

“உங்ககிட்ட வந்து யாரும் இளைச்சதே இல்லையாமே.”

டாக்டருக்கு இது புதுச் செய்தி அல்ல. அவர் ஊசி போடமாட்டார். வாயைக் கட்டு, தினமும் நட என்பார். ‘நட டாக்டர்’ என்று ஊரில் பெயர். வந்தவர்களும் சொன்ன பேச்சைத் தட்டாமல் நடந்தார்கள், அடுத்த கிளினிக்குக்கு. மாத முடிவில் கதவைச் சாத்திவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தார்.

“ஏன், சம்சாரம் அழகாயிட்டா பயமா?”

“அப்படியே வச்சுக்குங்க” என்றார் பூட்டுக்கடைக்காரர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆளைப் பிடிக்கவில்லை. ஆனாலும் டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதனால் யாரும் கெட்டுப் போனதில்லை.

அடுத்த வாரம் பூட்டுக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். தையல்காரி. கலகலவென்ற ஆள். எடை மெஷினில் ஏறும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“இவரைப் பேச வச்சுட்டீங்களா டாக்டர்? ஆச்சரியம்தான். இவர் வாயும் ஒரு பூட்டுதான். நல்லவேளை, சாவி என்கிட்ட இருக்கு.”

முள் நின்ற இடத்தை டாக்டர் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் முள் இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் இறங்கியது. டாக்டர் மெஷினைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதே எடைதான்.

“பாத்தியா, மாத்திரை பிடிச்சுக்கிச்சு” என்றார் பூட்டுக்கடைக்காரர், வாசல் வரை கேட்கும் குரலில்.

வாசலுக்கு மட்டுமா கேட்டது? தையல்காரியிடம் துணி கொடுத்த பெண்களெல்லாம் அவள் இடுப்பைப் பார்த்துவிட்டு நட டாக்டரிடம் வந்தார்கள். பெஞ்சு போதவில்லை. பெல்ட் கட்டி ஆட்டும் கிளினிக்கின் கம்பவுண்டர் இருமலுக்கு மருந்து கேட்பதுபோல் வந்து மாத்திரையின் பெயரை விசாரித்துப் போனார்.

டாக்டருக்குத்தான் சோறு இறங்கவில்லை. சத்து மாத்திரையில் யாராவது இளைப்பார்களா? உண்மையைச் சொன்னால் வந்த கூட்டம் வந்த வழியே போய்விடும். சொல்லாவிட்டால்?

அந்த வாரம் அவள் மட்டும் உள்ளே வந்து மெஷினில் ஏறி நின்றாள். கணவர் எதிர்க்கடையில் சிக்கிக்கொண்ட ஷட்டரைத் திறந்துகொண்டிருந்தார்.

“சட்டை புதுசா?” என்றார் டாக்டர், பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்.

“பழசுதான். பிடிச்சுத் தைச்சிருக்கேன். உள்ள மடிச்சு விட்டிருந்த துணியையும் வெட்டி எறிஞ்சாச்சு.”

“தைக்கிறவங்க அதை வெட்டமாட்டாங்களே? திரும்ப உடம்பு வச்சா பிரிச்சு விடணுமே.”

“இனிமே பிரிக்க வேண்டி வராது டாக்டர்.”

தன் மாத்திரைமேல் இவ்வளவு நம்பிக்கையா என்று டாக்டர் கூசிப்போனார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஒரு உண்மையைச் சொல்லிடறேன்மா. நான் குடுத்தது வெறும் சத்து மாத்திரை. உங்க வீட்டுக்காரர் கேட்டுத்தான் குடுத்தேன். அதுல ஒருத்தரும் இளைக்க முடியாது. இந்த எடை வேற எதனாலயோ குறையுது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நானே கூட வரேன்.”

அவள் மெஷினிலிருந்து இறங்கி, நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“போயாச்சு டாக்டர். இங்க வர்றதுக்கு முன்னாடியே போயாச்சு. வயித்துல கட்டியாம். கையை விரிச்சுட்டாங்க. இவரை மட்டும் தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னாங்க. ஆனா உங்களை மாதிரி கதவைச் சரியாச் சாத்தலை.”

வெளியே சாவி வளையம் குலுங்கும் சத்தம் படியேறி வந்தது.

அவள் மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“எடையைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டாக்டர். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்காரு.”